ஒரு மண்டலத்தில் முடியாத மருந்து

இந்த ஊரில் யாருக்கு மூட்டு வலி வந்தாலும் கடைசியில் எங்கள் கடை வாசலுக்குத்தான் வந்து நிற்பார்கள். ஆரியசாலையில் வேர், பட்டை, காய்ந்த காய், கொட்டை எல்லாம் விற்கிற அங்காடி மருந்துக்கடை எங்களுடையது. வைத்தியர் சீட்டு எழுதுவார், நாங்கள் எடுத்து நிறுத்துக் கொடுப்போம். குறுந்தோட்டி, சித்தரத்தை, தேவதாரு, கருநொச்சி என்று வாதத்துக்கான சாமான் மட்டுமே ஒரு சுவர் நிறைய இருக்கிறது. அந்தச் சுவருக்கு முன்னால் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் நான். அதனால் என் விரல்களுக்கே வலி வந்தபோது நான் முதலில் பட்டது கவலை இல்லை, வெட்கம். துணிக்கடைக்காரி கிழிந்த புடவையோடு கல்லாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

கடையில் சரக்கு வாங்குவதும் லாரி இறக்குவதும் என் கணவர் பாடு. பொட்டலம் என் பாடு. ஒரு கஷாயத்துக்குப் பதினைந்து சாமான் என்றால் பதினைந்தையும் நிறுத்து, காகிதத்தில் கொட்டி, மடித்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு முறுக்குக் கொடுத்து அறுப்பேன். கத்தரிக்கோலைத் தொட்டதில்லை. நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்த புதிதில் இதைப் பார்த்துத்தான் என் மாமனார் என்னைக் கடையில் உட்கார வைத்தார். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

நம் ஆடியை ஒட்டி வருகிற கர்க்கடக மாசம்தான் எங்களுக்குப் பெரிய வியாபாரம். மழை பெய்துகொண்டே இருக்கும், மலையாளிகள் அந்த மாசம் மருந்துக்கஞ்சி குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்வார்கள். கஞ்சிக்கூட்டுப் பொட்டலம் கட்டிக் கட்டி மாளாது. நாலு வருஷம் முன்னால் அந்த நெரிசல் முடிந்து அடுத்த சிங்க மாசம் பிறந்தபிறகும் என் விரல்களுக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. காலையில் எழுந்தால் இரண்டு கையும் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்திருக்கும். பல்பசை மூடியைத் திறக்க முடியாது. ரவிக்கைக்குக் கொக்கி போட அரைமணி. ஒன்பது மணி, பத்து மணிக்கு மேல்தான் மெல்ல இளகும். இத்தனை பொட்டலம் கட்டின கை வலிக்காமல் என்ன செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வைத்தியத்துக்கு எங்கே போவது? கையை நீட்டினால் எண்ணெய். கடையில் இருக்கிறதிலேயே உசத்தியானதை எடுத்து, நன்றாகச் சூடாக்கி, காலையும் மாலையும் அழுத்தித் தேய்த்தேன். வலி கூடியது. எண்ணெய் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். விரல் கணுக்கள் சிவந்து, தொட்டால் சுட்டது. நானும் விடவில்லை, அதுவும் விடவில்லை.

யாருக்கும் சொல்லவில்லை. பின்னல் போட முடியாமல் கொண்டை போட ஆரம்பித்தேன். என்ன திடீரென்று கொண்டை என்று அவர் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். இரண்டு மாசம் ஆகியும் கேட்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என் தலையைத் திரும்பிப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் ஏன் இவ்வளவு மறைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது என் அத்தை ஒருத்தி எங்கள் வீட்டோடு இருந்தாள். நாற்பது வயதிலேயே விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து மடங்கிப்போய்விட்டன. வாதம் என்று ஒற்றை வார்த்தை சொல்லி அவளை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். சாயங்காலம் அவளுக்குச் சோறு ஊட்டுவது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து விளையாடப் போகிற அவசரத்தில், முழுங்கினாளா என்றுகூடப் பார்க்காமல் அடுத்த கவளத்தை வாயில் திணிப்பேன். அவள் ஒரு நாளும் என்னைத் திட்டியதில்லை. என் விரல் வீங்கியதும் எனக்கு அந்த வாய்தான் ஞாபகம் வந்தது. என் கையால் நான் சாப்பிட வேண்டும், எனக்கு யாரும் ஊட்டக் கூடாது. மற்றது எது போனாலும் போகட்டும் என்று இருந்தேன்.

பிடிபட்டது சாப்பாட்டில்தான். ஒரு மத்தியானம் ரசம் சோற்றைக் கையில் எடுக்கிறேன், விரல்கள் மூடவில்லை, பாதி தட்டுக்கே திரும்பிப் போகிறது. மறுபடி எடுக்கிறேன், மறுபடி போகிறது. எதிரில் உட்கார்ந்திருந்த அவர் தன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என் தட்டையே பார்த்தார். மறுநாள் வியாபார நேரத்தில், சாமி கும்பிடப் போகக்கூடக் கடையைச் சாத்தாத மனுஷன், ஷட்டரை இழுத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். நான் சண்டை போட்டேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

ஸ்ரீவராகத்தில் ஒரு வைத்தியர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். அவருடைய சீட்டுகள் நிறைய எங்கள் கடைக்கு வரும், அவர் கிறுக்கலை வாசிக்கத் தெரிந்தவள் ஊரில் நான் ஒருத்திதான் என்று அவரே சொல்வார். என் இரண்டு கையையும் வாங்கி மேஜைமேல் வைத்து ஒவ்வொரு கணுவாகத் தொட்டுப் பார்த்தார். காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா, அசதி உண்டா, காய்ச்சல் மாதிரி தோன்றுமா என்று கேட்டார். பிறகு என்ன தேய்த்தாய் என்று கேட்டார். எண்ணெயின் பேரைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இது ஆமவாதம், வீங்கிக் கொதிக்கிற நேரத்தில் இதுக்கு எண்ணெய் ஆகாது, இத்தனை வருஷம் மருந்து விற்கிறவளுக்கு இது தெரியாதா என்றார். தன் வேட்டியை லேசாகத் தூக்கி முழங்காலைக் காட்டினார். இது மூட்டு தேய்ந்த வலி என்றார், நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும், எண்ணெய் போட்டால் இதமாக இருக்கும், எடையைக் குறைத்துத் தொடைக்குப் பயிற்சி செய்தால் பாதி வலி ஓடிவிடும். உனக்கு உட்கார்ந்தால்தான் வலி, வேலை செய்தால் இளகுகிறது. இரண்டுக்கும் மூட்டு வலி என்றுதான் பேர், ஆனால் இரண்டும் வேறு வேறு வீட்டுக்காரர்கள். சரி, எனக்கு என்ன சீட்டு எழுதப் போகிறார் என்று பார்த்தால், ரத்தம் கொடுத்துப் பார், மூட்டு வாதத்துக்கென்றே படித்த டாக்டரைப் பார், தள்ளிப்போட்டால் எலும்பை அரித்துவிடும் என்று எழுதாமலே சொல்லி அனுப்பினார். எங்கள் கடைக்கு ஒரு பைசா வியாபாரம் இல்லாமல் அவர் அனுப்பிவைத்த ஒரே நோயாளி நானாகத்தான் இருப்பேன்.

டாக்டர் என்னைவிட ரொம்பச் சின்னவள். மலையாளத்தில்தான் பேசினாள், நானும் எனக்கு வந்த மலையாளத்தில் தமிழைக் கலந்து சமாளித்தேன். ரத்தமும் எக்ஸ்ரேயும் பார்த்துவிட்டு நிதானமாக விளக்கினாள். உடம்புக்குள் காவலுக்கு நிற்கிற படை, திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனையே அடிக்கிற நோய் இது. அடி விழுகிற இடம் மூட்டு. அந்தப் படையை அடக்க வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை. தப்பித் தவறித் தினமும் போட்டுவிடக் கூடாது, அது ஆபத்து. மறுநாள் துணைக்கு ஒரு மஞ்சள் மாத்திரை. இது வேலை செய்ய ஒன்றரை மாசம், இரண்டு மாசம், சிலருக்கு மூன்று மாசம்கூட ஆகும், அதுவரை வீக்கம் அடங்க வேறொன்று, அதைச் சீக்கிரமே படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். ஈரல் தாங்குகிறதா என்று அடிக்கடி ரத்தப் பரிசோதனை. இதற்கு அடங்காவிட்டால் வேறு மாத்திரை உண்டு, ஊசி உண்டு, பயப்பட வேண்டாம். கடையிலிருந்து எந்தக் கஷாயம் எடுத்துக் குடித்தாலும் தன்னிடம் சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும். இதைச் சொல்லும்போது மட்டும் என்னை உற்றுப் பார்த்தாள்.

எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் என் காது கடைக்காரி காது. பத்தியம் என்ன என்று கேட்டேன். பத்தியம் ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுங்கள், கையை அசைக்கிற பயிற்சியை விடாதீர்கள் என்றாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பத்தியம் இல்லாத மருந்து என்ன மருந்து? படிக்கிற அவசரத்தில் விட்டிருப்பாள் என்று நினைத்து, நானே ஒரு பத்தியம் போட்டுக்கொண்டேன். புளி இல்லை, கத்தரிக்காய் இல்லை, மரவள்ளிக் கிழங்கு இல்லை, தயிர் இல்லை. என் பத்தியத்தில் என் கணவருக்கும் புளிக்குழம்பு போயிற்று. அவருக்கு ஒரு மூட்டும் வலிக்கவில்லை, பாவம்.

பத்தியம் என்றால் மண்டலமும் உண்டு. எங்கள் கடையில் எந்த மருந்துக்கும் நாள் கணக்கு இருக்கிறது. ஏழு நாள், பதினாலு நாள், பெரிய வியாதி என்றால் ஒரு மண்டலம், நாற்பத்தொரு நாள். கல்லாவில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு எத்தனை மண்டலம் எண்ணிக் கொடுத்திருப்பேன். அதனால் முதல் மாத்திரை போட்ட ஞாயிற்றுக்கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு, அங்கிருந்து நாற்பத்தொன்றை எண்ணி இன்னொரு வட்டம் போட்டேன். ஒருவரும் சொல்லாமல், எனக்கே அது சரியென்று பட்டது.

ஐந்தாவது வாரத்திலேயே விரல்கள் இளகத் தொடங்கின. ஆறாவது வாரம் ஒரு காலையில் பல்பசை மூடி தானாகத் திறந்த மாதிரி திறந்தது. நான் குளியலறையில் நின்று சிரித்தேன். இரண்டாவது வட்டம் வந்ததும் முறைப்படி மண்டலம் முடித்தேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, புளிக்குழம்பு வைத்து, பப்படம் பொரித்து, பாலடைப் பாயசம் காய்ச்சினேன். என் கணவர் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்தச் சொல்லி இதில் இல்லையே, அடுத்த மாசம் வரச் சொல்லித்தானே இருக்கிறது என்றார். சீட்டு வாசிக்க எனக்கா சொல்லித் தருகிறீர்கள் என்று ஒரு பிடி பிடித்தேன். பாயசம் நன்றாக இருந்ததால் அவரும் அதற்குமேல் வாதாடவில்லை. அடுத்த மாசம் டாக்டரிடம் போகவும் இல்லை. நோய் போனவளுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?

கிட்டத்தட்ட ஒரு மாசம் நான் ராணி. கடையில் வந்து நிற்கிறவர்களிடமெல்லாம் கையை விரித்து விரித்துக் காட்டினேன்.

பிறகு ஒரு விடியற்காலையில் புரண்டு படுக்க முடியவில்லை. விரல் மட்டும் இல்லை, மணிக்கட்டு, தோள், பாதம் எல்லாம் சேர்ந்து திரும்பி வந்திருந்தன. முன்னால் வந்ததைவிடக் கோபமாக வந்திருந்தன. எழுந்து உட்காரவே அவர் தூக்கிவிட வேண்டியிருந்தது. காலை இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுக்க முடியவில்லை. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு துண்டு பிய்த்து, சட்னியில் தொட்டு, என் வாய்க்கு நேரே நீட்டினார்.

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, வாயைத் திறக்கவில்லை. அவர் கெஞ்சவும் இல்லை, நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும். பதினோரு மணிக்குக் கை கொஞ்சம் இளகியபிறகு, ஆறிப்போன அந்த இட்லியை நானே எடுத்துச் சாப்பிட்டேன். அன்றைக்கு மாதிரி நான் என்றைக்கும் பயந்ததில்லை.

டாக்டர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மண்டலம், பத்தியம், பாயசம் வரை ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு மண்டலத்தில் எத்தனை ஞாயிறு என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஆறு. மருந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் நான் அதை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். சிரிப்பை அடக்குகிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"சேச்சி பல்லு தேய்ப்பும் நிறுத்தியோ?" என்று கேட்டாள். ஒரு மண்டலம் பல் தேய்த்தாயிற்று, போதும் என்று விட்டுவிட்டீர்களா என்கிறாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. பிறகு அவள் புது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, சிரிக்காமல் காட்டினாள். இடது கை மோதிர விரல் கணுவின் ஓரத்தில் எலும்பை எறும்பு கடித்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம். அது இனி நிரம்பாது, அந்த விரல் கொஞ்சம் கோணலாகவே இருக்கும். மற்ற ஒன்பதையும் காப்பாற்றலாம், ஆனால் மருந்தை நிறுத்துவதென்றால் தான் சொன்னபிறகே நிறுத்த வேண்டும் என்றாள். எத்தனை நாளைக்கு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

இந்தத் தடவை காலண்டரில் வட்டம் போடவில்லை. ஞாயிறு மாத்திரை, திங்கள் மஞ்சள் மாத்திரை, சொன்ன தேதியில் ரத்தம். ராத்திரி மணிக்கட்டு வளையாமல் பிடிக்க ஒரு துணிப்பட்டை. காலையில் வெந்நீரில் கையை முக்கி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவேன். பொட்டலம் கட்டுவதற்கு நடுவில் எழுந்து கையை உதறிவிட்டு வருவேன். கத்தரிக்கோலும் வாங்கினேன். வாங்கின அன்றைக்கு யாரோ செத்த மாதிரி இருந்தது, மூன்றாம் நாளே இதை ஏன் முன்னாலேயே வாங்கவில்லை என்று தோன்றியது. புளிக்குழம்பு வீட்டுக்குத் திரும்பி வந்தது. மெல்ல மெல்ல, எந்த நாள் என்று சொல்ல முடியாமல், விறைப்பு ஒருமணி நேரமாகி, அரைமணியாகி, ஒரு நாள் காப்பி போடும்போதுதான் இன்றைக்கு வலியே நினைவுக்கு வரவில்லையே என்று தோன்றியது.

வருஷம் ஒன்று முடிந்து ஒரு வியாழக்கிழமை டாக்டரிடம் போனோம். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். ஒரு டப்பா லட்டும் வாங்கிக்கொண்டேன். ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தாயிற்று, இன்றைக்கு நிறுத்தச் சொல்லிவிடுவாள் என்று எனக்குள்ளே ஒரு நிச்சயம். அவள் ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தாள், எங்கும் வலி இல்லை. ரத்தமும் சுத்தம். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி ஒரு லட்டை அங்கேயே பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். நோய் அடங்கித் தூங்குகிறது, எழுப்ப வேண்டாம், அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம், மாத்திரை தொடரட்டும் என்றாள். இந்தத் தடவை கேட்டுவிட்டேன், எத்தனை நாளைக்கு என்று. அநேகமாக எப்போதுமே என்றாள், மிருதுவாகத்தான் சொன்னாள்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. முடிவில்லாத மருந்தை நான் யாருக்கும் கட்டிக் கொடுத்ததில்லை. பட்டுப்புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். போகிற வருகிறவர்கள் எல்லாம், உள்ளே என்னமோ பெரிய வியாதி சொல்லிவிட்டார்கள் என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மிச்சமிருந்த லட்டு டப்பாவை மடியில் வைத்திருந்தார்.

"ஆயுசு பூராவும் மருந்தா? எப்படிச் சகிப்பேன் நான்?" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "என்னைய ஆயுசு பூராவும் சகிச்சிட்டுத்தானே கெடக்க, கேட்டியா. நான் தெனமும். அது ஞாயித்துக்கிழமை மட்டுந்தானே."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டும் சேர்ந்து மூக்கு வழியாக வந்தது, அசிங்கமாகத்தான் இருந்திருக்கும். இத்தனை ஜனங்களுக்கு நடுவில் என்னைச் சிரிக்க வைத்துவிட்டாரே என்ற கோபத்தில் அவர் முதுகில் ஓங்கி ஒரு குத்து வைத்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நெளிந்துகொண்டே என் கையைப் பிடித்து இழுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது இன்னும் குத்துகிற மாதிரியே மூடியிருந்தது.

"பூரா மூடுதே" என்றார்.

நானும் பார்த்தேன். ஐந்து விரலும் உள்ளங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தன.